இளம் உடற்கூறியல் ஆய்வாளர்களின் மாதாந்தரச் சந்திப்பைப் பணிநாளாக ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
கால்நடை உடற்கூறியல் இளம் ஆய்வாளர்கள் சங்கம்,
முதலிபாளையம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
கால்நடை மருத்துவக் கல்வி நிர்வாகத்தின் உரிய அலுவலர் அவர்கள்.

பொருள்: இளம் ஆய்வாளர்களின் முறைசாராச் சந்திப்புக்கு மாதம் ஒரு வேலைநாளைப் பணிநாளாக அனுமதித்தல் மற்றும் பிற கோரிக்கைகள் தொடர்பாக.

பார்வை:
1. அரசாணை (நிலை) எண் 99, பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, நாள் 21.09.2015.
2. இதே பொருள் குறித்து எங்கள் சங்கம் அனுப்பிய முந்தைய கடிதங்கள்.



கால்நடை உடற்கூறியலில் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வு செய்வோரும், பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன ஆசிரியர்களும் சேர்ந்த சங்கம் இது.

பார்வை 2இல் கண்ட கடிதங்கள் எதற்கும் இதுவரை பதில் வராததால், அவற்றின் சாரத்தை மீண்டும் எழுத வேண்டியுள்ளது. முதல் கடிதத்தில் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மாதத்தில் ஒரு வேலைநாள், ஏதேனும் ஒரு கல்லூரியின் டிசெக்‌ஷன் ஹாலில் நாங்கள் கூடிப் பயில அனுமதி, அந்த நாள் பணிநாளாகப் பதிவாக வேண்டும். ஒப்புகைகூட வரவில்லை. விவரம் போதவில்லையோ என்று எண்ணி, அடுத்த கடிதத்தில் வருவோர் பெயர், பொருள், இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றுக்கான படிவத்தை நாங்களே தயாரித்து இணைத்தோம். அதற்கும் பதில் இல்லை. கடைசிக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அஞ்சல் ஒப்புகை அட்டை கையொப்பத்துடன் திரும்பி வந்தது. அலுவலகத்தின் பதில் வரவில்லை.

கோரிக்கை 1: மாதம் ஒரு வேலைநாளைப் பணிநாளாக ஏற்றல்

நாமக்கல்லிலிருந்து காங்கயம் வழியாக வருவோருக்கும் உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் வழியாக வருவோருக்கும் முதலிபாளையம் பொதுவான இடம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூடிப் பேசுகிறோம். இதற்கு எந்த அனுமதியும் நாங்கள் கேட்கவில்லை. ஆனால் உடற்கூறியல் பேச்சோடு முடிகிற படிப்பன்று. பேசியதைக் கையால் செய்து பார்க்க உடலும் கத்தியும் நுண்ணோக்கியும் வேண்டும். அவை இருக்கும் கூடங்கள் ஞாயிறன்று பூட்டியிருக்கும். வேலைநாளில் போனால் தொகுப்பூதியத்தில் இருப்பவர் ஒரு நாள் ஊதியத்தை இழக்கிறார். ஆய்வு மாணவருக்கு வருகைப் பதிவில் குறை விழுகிறது. இதனால் வர விரும்பும் பலர் வருவதில்லை. வருகிறவர்களும் சொந்த வேலை என்று விடுப்பு எழுதிவிட்டு வருகிறார்கள். படிப்புக்காகப் போகிறவர் பொய்க் காரணம் எழுத நேர்வது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மாநாடு என்றால் அனுமதி கிடைக்கிறது. இந்தியக் கால்நடை உடற்கூறியலாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். ஆனால் அங்கே முடிந்த ஆய்வைச் சில நிமிடங்களில் வாசிக்கிறோம். முடியாமல் நிற்கும் ஆய்வை யாரிடம் காட்டுவது? பாரஃபின் மெழுகில் பதித்த திசுவை 5 மைக்ரான் தடிமனில் சீவும்போது சீவல் ஏன் கிழிகிறது? கத்தியின் கோணமா, மெழுகின் சூடா, திசுவிலிருந்து நீர் முழுதாக நீக்கப்படவில்லையா? மாட்டின் கழுத்துத் தமனி வழியே பார்மலின் கரைசலை ஏற்றியும் பின்னங்கால் ஏன் பதப்படாமல் அழுகத் தொடங்கியது? வெளியாகும் கட்டுரைகளில் வெற்றி பெற்ற முறைதான் இருக்கும். தோற்ற முறையை, தோற்றவர் பக்கத்தில் நின்று சொன்னால்தான் அறிய முடியும்.

எங்கள் பகுதிக்கு இது கூடுதலாகவே தேவை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலும் நாமக்கல் கல்லூரி 1985இலும் தொடங்கியவை. உடுமலைப்பேட்டை, தேனி, சேலம் தலைவாசல் கல்லூரிகள் 2020இல் வந்தவை. கால்நடை மருத்துவம் படிக்க வரும் மாணவர் முதலாண்டிலேயே எதிர்கொள்ளும் பாடம் உடற்கூறியல். புதிய கல்லூரியில் அதை நடத்த நிற்பவர் பெரும்பாலும் இளைஞர். எலும்புக்கூடுகளும் பதப்படுத்திய உறுப்புகளும் பல தலைமுறையாகச் சேர்ந்த இடத்துக்கு அவர் போய்ப் பார்த்துப் பழக வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. நாங்கள் பயிலும், சிசன் எழுதிய பழைய பாடநூல் குதிரையை மையமாகக் கொண்டது. 1968இல் முதலில் வெளியான பன்னாட்டுக் கால்நடை உடற்கூறியல் பெயர்ப் பட்டியலும் வெளிநாட்டு அறிஞர்கள் கூடி வகுத்தது. எங்கள் மாவட்டத்தின் காங்கயம் காளைக்குத் திமில் உண்டு. அதன் தசையும் கொழுப்பும் எப்படி அமைந்துள்ளன, வயதோடும் காயடிப்போடும் எப்படி மாறுகின்றன என்பதை இங்குள்ளவர்தான் அறுத்துப் பார்த்து எழுத வேண்டும். ஒரு கல்லூரிக்குக் கிடைக்கும் ஓர் உடலைப் பல கல்லூரி இளைஞர் சேர்ந்து அறுத்தால், ஒருவர் திமிலைப் பார்ப்பார், ஒருவர் கொம்படியைப் பார்ப்பார், ஒருவர் குளம்பைப் பார்ப்பார், எதுவும் வீணாகாது.

ஐரோப்பாவில் இளம் தலைமுறைக் கால்நடை உடற்கூறியலாளர்களுக்கென்றே தனிச் சந்திப்புகள் நடக்கின்றன. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. தொழிலுக்கு வேண்டிய பயிற்சியை இளைஞர் பெற வேண்டும் என்றே திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1997இல் பின்னலாடைக் கல்லூரியைத் தொடங்கியது. அது இயங்குவது இதே முதலிபாளையத்தில். பனியன் தொழில் உணர்ந்ததைக் கால்நடைக் கல்வியும் உணர வேண்டும்.

அழைப்பிதழ் இல்லை, பதிவுக் கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, ஆகவே இது சொந்த வேலை என்று வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. கட்டணம் வாங்காதது குற்றமாகாது. அன்று அறுத்த உறுப்பு, எடுத்த சீவல், எழுதிய குறிப்பு ஆகியவற்றின் அறிக்கையைக் கூடத்தின் பொறுப்பாசிரியர் கையொப்பத்துடன் தர நாங்கள் ஆயத்தமாக உள்ளோம். சான்றிதழைவிட அது உறுதியான சான்று.

பார்வை 1இல் கண்ட அரசாணையைத் தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் கொண்டுவருகிறோம். மனு பெற்ற 3 நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும்; ஒரு மாதத்துக்குள் மனுவின் மீது நடவடிக்கை எடுத்து முடிக்க வேண்டும் என்பது அந்த ஆணை. எங்கள் கடிதங்களுக்கு ஒப்புகையும் இல்லை, முடிவும் இல்லை. அனுமதி தர இயலாது என்று தாங்கள் எழுதியிருந்தால்கூட, காரணம் அறிந்து மேல்முறையீடு செய்திருப்போம். மௌனத்தின் மீது மேல்முறையீடு செய்ய வழியில்லை. மறுக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு. பதில் தராமல் இருக்கும் அதிகாரத்தை அரசாணை எண் 99 எவருக்கும் தரவில்லை. இந்த மனுவையும் அந்த ஆணையின்படியே அளிக்கிறோம்.

பிற கோரிக்கைகள்

2. பதப்படுத்திய உறுப்புகளைக் கல்லூரிகளுக்கிடையே எடுத்துச் செல்ல, வழியில் காட்டத்தக்க அனுமதிச் சீட்டு வழங்குதல்.

3. பார்மலின் புழங்கும் கூடங்களில் காற்றுப்போக்கியும் உரிய முகக்கவசமும் இருப்பதை உறுதிசெய்தல். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

4. சந்திப்பு நாளில் வெளியூர்ப் பெண் ஆய்வாளர்களுக்கு மாணவியர் விடுதியில் ஓர் இரவு தங்க இடமளித்தல்.

5. ஒரு கல்லூரியின் ஆய்வு மாணவர் மற்றொரு கல்லூரி நூலகத்தையும் உடற்கூறியல் அருங்காட்சியகத்தையும் பயன்படுத்த அனுமதித்தல்.

6. சந்திப்பு அறிவிப்பைத் துறை அறிவிப்புப் பலகைகளில் ஒட்ட அனுமதித்தல்.

இவற்றில் 2 முதல் 6 வரையுள்ளவற்றைப் படிப்படியாக நிறைவேற்றினாலும் ஏற்கிறோம். முதல் கோரிக்கை அப்படித் தள்ளிவைக்கத்தக்கதன்று. அரசுக்கு அதனால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஓர் ஆணையும் ஒரு கையொப்பமும் போதும்.

எனவே, இம்மனு கிடைத்த 3 நாட்களுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலமான முடிவும் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: முதலிபாளையம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
(சங்க உறுப்பினர்களுக்காக)