கேட்டும் கேளாச் செவிகள்

2010 சூன் திங்களில் கோவையே செம்மொழி மாநாட்டுக்கு விழாக்கோலம் பூண்டது. அதே கோவை மாவட்டத்துப் பூலுவப்பட்டியிலும், ஈரோட்டு மாவட்டத்துப் பவானிசாகரிலும் ஈழத்தமிழர் ஏதிலியராய் முடங்கிக் கிடந்தனர். தமிழின் தொன்மையை எண்ணிய அரசுகள், தமிழன் உடலில் விழுந்த தழும்புகளை எண்ணினவா?

அயல்நாடுகளில் நிகழும் கொடுந்துன்புறுத்தல்களை அரசுகள் அறியாமலில்லை. பிறநாட்டு மாந்தவுரிமை நிலையை வெளியுறவுத்துறை ஆண்டுதோறும் எழுதித் தரவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே உண்டு. கனடாவோ 2008-இல் வகையாக அகப்பட்டுக் கொண்டது. துன்புறுத்தல் நிகழக்கூடிய நாடுகள் என்று அமெரிக்காவையும் இசுரேலையும் சுட்டிய அதன் பயிற்சிக் குறிப்பேடு வெளிப்பட்டதும், அமைச்சரே அதைத் திருத்தியெழுதச் சொன்னார். அறிந்தது மாறவில்லை, நட்புக்கு அஞ்சி நாக்கு மாறியது!

இந்திய அரசுக்கோ நாக்கே எழவில்லை. சிங்களப் படையினரின் கொடுந்துன்புறுத்தல் பரவலானது என்று ஒன்றிய நாடுகள் மன்றத்தின் மாந்தவுரிமை அலுவலகம் 2015-இல் ஆய்ந்துரைத்தது. அவ்வாய்வுக்கு வழிவகுத்த 2014-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் இந்தியா வாக்களியாது ஒதுங்கிற்று. தமிழகம் கொதித்தெழுந்த 2012, 2013-இல் உயர்ந்த கை, 2021-இலும் 2022-இலும் மீண்டும் மடங்கிற்று. இதற்குப் பெயர் நடுநிலையாம்! ஆட்டுக்கும் ஓநாய்க்கும் இடையே நடுநிலை ஏது?

ஏன் இந்த வாய்ப்பூட்டு? தன் வீட்டுக் கறையே முதற் காரணம். சத்தியமங்கலக் காட்டோர மக்கள் வீரப்பன் வேட்டையில் பட்டபாட்டைக் கொங்குநாடு மறக்குமா? தமிழக, கருநாடக அதிரடிப்படைகளின் கொடுமைக்கு ஆளான 89 பேர்க்கு 2 கோடியே 80 இலக்கம் உருபா வழங்குமாறு இந்திய மாந்தவுரிமை ஆணையம் 2007-இல் பணித்தது. கொடுந்துன்புறுத்தலுக்கு எதிரான உலக உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் ஒப்பமிட்டது. இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சட்டமுன்வரைவும் மாநிலங்களவையைத் தாண்டாமலே மாண்டது. சிங்கள அரசு 1994-லேயே அவ்வுடன்படிக்கையை ஏற்றுச் சட்டமும் இயற்றியது, கொடுமையையோ விடவில்லை. ஏட்டுச் சட்டம் மட்டும் காக்காது என்பது மெய்யே. ஆனால், ஏட்டிலும் எழுத மறுக்கும் அரசு எந்த முகத்தோடு அயலானைத் தட்டிக்கேட்கும்?

தமிழர்களே! உடன்படிக்கையை உறுதிசெய், ஏதிலியர் வாக்குமூலங்களைத் தொகுத்து உலகமன்றில் வை, அயல்நாட்டில் தமிழர் படும் கொடுமையை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிடு! இம்மூன்றையும் தில்லியிடம் ஊர்தோறும் கேளுங்கள். மொழிக்கு மாலையிட்டு, அம்மொழியில் அலறுவோனைக் கைவிடுவது தமிழ்ப்பற்று ஆகாது!