கண்ணிலும் தோலிலும் இடும் மருந்து: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

களியக்காவிளைச் சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளரும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம், கண்ணிலும் தோலிலும் இடும் ஔஷதங்களின் ஆராய்ச்சியில் பொதுப்பணம் எதற்கு முதலில் செலவாகவேண்டும் என்னும் விஷயத்தில் தன் அபிப்பிராயத்தை இவ்வறிக்கையால் தெரிவிக்கிறது. புதுமருந்து தேடுவதைக் காட்டிலும், கையிலுள்ள நல்ல மருந்து சேரவேண்டிய திசுவைச் சேர்ந்து போதிய நேரம் தங்குவதற்கு வழி காண்பதே முதற்கடமை என்பது எங்கள் துணிபு.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவரின் கண்ணில் மரப்பட்டைத் துணுக்கு தெறித்துக் கருவிழி கீறுமானால், அக்கீறலில் பூஞ்சை பற்றிப் புண்ணாகிப் பார்வையையே பறித்துவிடக்கூடும். மதுரை முதலான அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2013-இல் வெளியான பரிசோதனை, பின்னால் வந்த வோரிகோனசோல் என்னும் மருந்தைவிடப் பழைய மருந்தாகிய நாட்டமைசினே இந்நோய்க்கு மேலானதென்றும், விசேஷமாக ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையில் அவ்வேற்றம் தெளிவானதென்றும் காட்டிற்று. 2017-இல் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்டமைசினை அத்தியாவசிய மருந்துகளுள் சேர்த்தது.

ஆயினும் அம்மருந்து நீரில் கரையாது. கருவிழியின் ஆழத்துக்கு எளிதில் இறங்காது. ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்க, கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டரளவே ஆதலால், மிஞ்சியது கன்னத்தில் வழிந்தும், கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கியும் வீணாகிறது. எனவேதான் தொடக்க நாட்களில் மணிக்கொரு சொட்டு விடச் சொல்கிறார்கள். அன்றாடக் கூலியை நம்பியவருக்கு அது வேலையையே விடச் சொல்வதாகும்.

கண்ணில் நல்ல மருந்து தங்குவதில்லை. தோலிலோ தகாத மருந்து தாராளமாக இறங்குகிறது. வியர்வையில் படரும் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்க, பூஞ்சை மட்டும் அடியில் பரவுகிறது. 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் மத்திய சர்க்கார் விதித்தது முழுமையாக அமலாகவேண்டும்.

ஆகவே, கண்ணில் விட்டபின் கூழாக இறுகி நிற்கும் சொட்டுகள், மருந்தைச் சிறுகச் சிறுக விடுவிக்கும் லென்சுகள், நுண்துகள்கள் ஆகியவற்றின் ஆராய்ச்சியைச் சர்க்காரும் பல்கலைக்கழகங்களும் ஆதரிக்கவேண்டும். அவை குளிர்பெட்டியின்றிக் கெடாதிருத்தல், ஒரு நாளில் சில முறையே இடவேண்டியிருத்தல், கூலிக்காரருக்கு எட்டும் விலையில் கிடைத்தல் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே இலக்காக அமையவேண்டும். நோயாளிகளிடம் பரிசோதித்து நிரூபிக்குமுன் எதனையும் அற்புதமென்று விளம்பரப்படுத்துவதை எதிர்க்கிறோம்.

எங்கள் அங்கத்தினரான கடைக்காரர்கள் சீட்டின்றி ஸ்டீராய்டுக் களிம்போ சொட்டோ கொடுப்பதில்லை என்றும், கண்ணில் அடிபட்டு வருகிறவரை அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புவதென்றும் இதனால் உறுதி கூறுகிறார்கள்.