நாரி நோவும் கால் விறைப்பும் ஒரு வீட்டின் தனிக் கவலையா?

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்திடம் எஞ்சிய முதல் எது என்று கேட்டால், பலர் தம் இரு கைகளையே காட்டுவர். மாடு போயிற்று, இறைப்பு இயந்திரம் போயிற்று, விதைநெல் போயிற்று. உடம்பு ஒன்றுதான் கூட வந்தது. 1990இலும் 2009இலும் ஊரைவிட்டுப் போனவர்களுள் சிலர் இன்னும் சொந்தக் காணியை மிதிக்கவில்லை. பிறர் காணியில் கூலிக்கு மூடை சுமக்கிறார்கள். திரும்பியவர்களோ பற்றை மண்டிய நிலத்தை மண்வெட்டியால் கொத்தித் திருத்தினார்கள். இரு பகுதியினரதும் பாரம் விழுவது நாரியிலேதான். ஆகவே நாரியில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் நோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்பது பயன் தரும் என எண்ணுகிறேன்.

இதை நம்மவர் நாரிப்பிடிப்பு என்பர், வாதம் என்பர், நரம்பு இழுவை என்பர். ஆங்கில வைத்தியர் சயற்றிக்கா என்பர். முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வெளிவரும் நரம்பு வேர்கள் ஒன்றுகூடி, உடம்பிலேயே மிகத் தடித்த நரம்பாகின்றன. அது பிட்டத்தின் ஊடாகத் தொடையின் பின்புறமாய் இறங்கி, முழங்காலுக்கு அண்மையில் இரண்டாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. ஒரு தட்டின் வெளி வளையம் கிழிந்து உள்ளிருக்கும் களி பிதுங்கினால், அருகிலுள்ள நரம்பு வேர் அழுத்தப்படும். காயம் நாரியில், நோவு காலில். இதனை 1934இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு சத்திரசிகிச்சை வைத்தியர்கள் தெளிவாக எடுத்துக் காட்டினர். காலுக்கு எண்ணெய் தேய்த்தும் நோவு போகவில்லை என்று பலர் சொல்வதன் காரணமும் இதுவே.

விறைப்பு எங்கே என்பதும் ஒரு செய்தி. பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும் விறைத்து, குதிக்காலில் நடக்க இயலாவிட்டால் ஒரு வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். பாதத்தின் வெளி ஓரம் விறைத்து, நுனிக்காலில் நிற்க இயலாவிட்டால் அதற்குக் கீழுள்ள வேர். வைத்தியரிடம் போகுமுன் இதைப் பார்த்துக்கொண்டு போனால் அவருக்கு அது பேருதவி.

ஆனால் எல்லா விறைப்பும் இந்த நோய் அன்று. இரு பாதங்களும் சேர்ந்து விறைத்தால் முதலில் சீனி வருத்தத்திற்குச் சோதிக்க வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பு இருந்தால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். அதற்கு அரச வைத்தியசாலையில் இலவசச் சிகிச்சை உண்டு. யுத்தத்தில் செல் துண்டு பட்டவர்கள், அது முதுகிலோ பிட்டத்திலோ இருப்பதை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

இந்நோவு கண்டவரிடம் நமது ஊர்களில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று, "ஒரு மாதம் எழும்பாமல் படு." மற்றது, "வேலைக்குக் கள்ளம், எழும்பி நட." இரண்டும் தவறு என்பதே என் கருத்து.

படுக்கையைப் பற்றி ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் இந்நோயுள்ள 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இரு வாரம் படுக்க வைத்தனர். மற்றவர்களை இயன்றவரை நடமாட விட்டனர். 1999இல் வெளியான அதன் முடிவின்படி, 12 வாரங்களில் இரு பகுதியிலும் 87 வீதமானோர் தேறியிருந்தனர். படுத்ததால் மேலதிக நன்மை எதுவும் கிடைக்கவில்லை. நாட்கூலியை இழந்து படுத்துக் கிடந்த தகப்பனுக்கு இது சிறிய செய்தியா?

அதேவேளை, நோவைக் கள்ளம் என்பது கொடுமை. நரம்பு நோவு வெளியே தெரியாது. வீக்கம் இல்லை, காயம் இல்லை. அதனாலேயே அந்த மனிதர் நம்பப்பட வேண்டும். அவருக்கு வேண்டியது பாதி வேலை: நடக்கலாம், சமைக்கலாம், விதை தெரிவு செய்யலாம், மூடை தூக்கலாகாது, குனிந்து கொத்தலாகாது, நெடுநேரம் ஒரே இருப்பில் இருக்கலாகாது. படுக்கும்போது முழங்காலின் கீழோ, சரிந்து படுத்தால் இரு முழங்கால்களுக்கும் இடையிலோ ஒரு தலையணை அல்லது மடித்த சாக்கு வைக்கலாம். நாரிக்குச் சூட்டு ஒத்தடம் இதம் தரும். விறைத்த காலில் மட்டும் சுடுநீர்ப் போத்தல் வைக்க வேண்டாம், வெந்தாலும் தெரியாது. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மெல்ல நெஞ்சை உயர்த்திப் பார்க்கலாம். நோவு காலை விட்டு நாரிப் பக்கம் ஏறினால் நல்ல குறி. கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

நோக் குளிசை பற்றியும் ஒரு வார்த்தை. டைக்ளோபெனக் போன்ற குளிசைகளை வைத்தியர் துண்டின்றி வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவோர் உளர். இவை வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் கமக்காரரைச் சிறுநீரக நோய் வாட்டி வரும் காலத்தில், வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் இக்குளிசைகளைப் போடுவது ஆபத்து. பிட்டத்தில் தப்பான இடத்தில் ஏற்றும் ஊசி இதே நரம்பைக் காயப்படுத்தவும் கூடும். நகையை அடகு வைத்து முதல் வாரமே ஸ்கான் எடுக்க ஓடவும் தேவையில்லை. பிதுங்கிய தட்டு பெரும்பாலும் தானே சுருங்கும். ஆறு வாரமாகியும் குறையாவிட்டால் அரச வைத்தியசாலைக்குச் சென்று மேற்கொண்டு பார்க்கலாம். அங்கே இயன்மருத்துவப் பிரிவு இருந்தால் அதையும் கேளுங்கள்.

இனிச் சொல்வதை ஒவ்வொரு வீட்டிலும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். சலம் போக இயலாமை, அல்லது அறியாமலே சலமோ மலமோ போதல். சைக்கிள் ஆசனத்தில் படும் இடம் முழுவதும் விறைத்தல். இரு கால்களும் பலம் இழத்தல் – இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் அன்றே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் அந்த நரம்புகள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். செருப்புக் கழன்று விழுவதும் தெரியாமல் பாதம் தொங்கினாலும், நாரி நோவுடன் காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தாலும் பிந்தாமல் வைத்தியரைக் காணுங்கள். பெண்கள் வெட்கத்தால் இவற்றை மறைப்பதுண்டு. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருந்துக்கு அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது. பாரத்தை யார் தீர்மானிக்கிறார்? ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டலாகாது எனவும், பெண்களுக்கு அது கணிசமாகக் குறைய வேண்டும் எனவும் 1967இலேயே சர்வதேச தொழில் அமைப்பு பரிந்துரைத்தது. அதுவும் நல்ல உடம்புக்கான உச்ச எல்லை. நமது உர மூடை 50 கிலோ. அரை வயிற்றோடு சுமப்பவருக்கும் நாரி நொந்தவருக்கும் அதே மூடைதான். கமக்காரர் அமைப்புகள் 25 கிலோ மூடைகளைக் கேட்க வேண்டும். கிடைக்கும்வரை, மூடையை அவிழ்த்து இரண்டாக்கித் தூக்குவதை எவரும் கேலி செய்யலாகாது. கூலி பேசும்போது மூடைக் கணக்கில் அன்றி நிறைக் கணக்கில் பேசினால் பாதி மூடை சுமப்பவருக்கும் உரியது கிடைக்கும். தூரக் கிணற்றிலிருந்து குடம் சுமக்கும் பெண்களுக்காக, நாலு வீட்டுக்கு ஒரு தள்ளுவண்டியை மாதர் சங்கம் ஏற்பாடு செய்வது பெரிய செலவன்று.

வீடு கட்ட, வேலி அடைக்க நாம் சிரமதானம் செய்கிறோம். நாரி நொந்த ஒருவரின் வயலில் ஆறு வாரம் முறைவைத்துக் கொத்திக் கொடுப்பதும் சிரமதானமே. அடுத்த கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் இதையும் சேருங்கள். யார் வீட்டில் யார் நோவோடு சுமக்கிறார் என்று முதலில் கேட்டுத் தொடங்குங்கள்.