உதவித்தொகையும் வேண்டும்! கட்டுபடியான விலையும் வேண்டும்!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! குத்தகை விவசாயிகளே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே!



டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரே கேள்விதான். "ரெண்டாயிரம் ஏறிருச்சா?" ஏறினவர் சிரிக்கிறார். ஏறாதவர் ஆதார் கார்டைத் தூக்கிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார். இந்த ரெண்டாயிரத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு ஊரில் உலவுகிறது. இரண்டும் தப்பு என்று சொல்லத்தான் இந்தத் துண்டறிக்கை.

முதல் பேச்சு: "ஏழைக்குப் பணத்தைக் கையில் கொடுத்தால் சாராயக் கடைக்குத்தான் போகும். சோம்பேறி ஆகிவிடுவான்."

இதைச் சொல்பவர் யார் என்று பாருங்கள். கூலியைக் குறைத்துக் கொடுக்கிறவர், வட்டிக்கு விடுகிறவர், நகரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறவர். எங்கள் தெருவில் ஒரு குடும்பம். கோயில் நிலம் ஒன்றரை ஏக்கர் குத்தகை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அந்த வீட்டு அம்மாவின் கணக்கில் விழ ஆரம்பித்தது. அதற்கு முன்னால் சம்பா நடவு வந்தாலே நெல் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அறுவடையில் அவர் சொல்வதுதான் விலை. அந்த அம்மா ஆறு மாதப் பணத்தைத் தொடாமல் வைத்து நடவுக்கூலிக்குப் போட்டது. வியாபாரியிடம் கை நீட்டவில்லை. நெல்லை முதல்முறையாகக் கொள்முதல் நிலையத்துக்கே கொண்டு போனார்கள். "ஆயிரம் ரூபா பெருசில்லீங்க. அவன் வாசல்ல நிக்காம இருந்தோம் பாருங்க, அதான் பெருசு" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னது. இதுவா சோம்பேறித்தனம்?

எங்கள் தெரு மட்டும் இல்லை. 2011, 2012இல் மத்தியப் பிரதேசத்தில் 8 கிராமங்களில் சேவா என்ற பெண்கள் சங்கம் யுனிசெஃப் உதவியோடு ஒரு சோதனை நடத்தியது. பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். பிறகு 300, 150 ஆக உயர்த்தினார்கள். எந்த நிபந்தனையும் கிடையாது. என்ன நடந்தது? குடி கூடவில்லை. கடன் குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். சிறு விவசாயி விதையும் உரமும் வாங்கினார். அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு சொந்த வயலில் இறங்கினார். கையில் காசு இருந்தால் ஏழை தன் நிலத்தில் உழைப்பான். காசு இல்லாவிட்டால்தான் ஊரான் நிலத்தில் கிடப்பான். பணம் பிச்சை என்று நம் சங்கத்திலேயே சில தோழர்கள் பேசுகிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

இரண்டாவது பேச்சு ஆட்சியாளர்களுடையது: "அதான் பணம் கொடுத்துட்டோமே, இன்னும் என்ன கேக்குற?"

சரி, கணக்குப் போடுவோம். பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. வருடத்துக்கு 6000 ரூபாய், மூன்று தவணை. ஒரு நாளைக்கு 16 ரூபாய் சொச்சம். அதுவும் ஒரு வீட்டுக்கு! 2019 தொடக்கத்தில் சென்னையில் டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குப் பக்கம் இருந்தது. 2024இல் 92 ரூபாய். உழவு கூலி ஏறியது, அறுவடை மிஷின் வாடகை ஏறியது. 6000 மட்டும் ஏறவில்லை. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவே இதை 12000 ஆக்கு என்றது. 2025 பட்ஜெட்டில் ஒரு பைசா கூட்டவில்லை. ஒரு தவணை 2000 ரூபாயில், 2025 விலைக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. 1350, இரண்டு மூட்டை யூரியா 533. மிச்சம் 117 ரூபாய். யூரியா மூட்டையும் 2018இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆகிவிட்டது!

இன்னொரு கணக்கு. 2025-26இல் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2369 ரூபாய். கைச்செலவும் குடும்ப உழைப்பும் சேர்த்து அதற்கு மேல் பாதி என்று சொல்கிறார்கள். நிலத்தின் வாடகை மதிப்பையும் முதலுக்கான வட்டியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதையும் சேர்த்த முழுச் செலவோடு 50 சதவீதம் கொடு என்பதுதான் நம் கோரிக்கை. ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று குறைவாகவே வைப்போம். குவிண்டாலுக்கு வெறும் 300 ரூபாய் குறைந்தால் ஏக்கருக்கு 6000 ரூபாய் போச்சு. ஒரே ஏக்கரில், ஒரே போகத்தில், ஒரு வருட கிசான் பணம் மொத்தமும் திரும்பப் போய்விட்டது. இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் பிடுங்குவதற்குப் பெயர் உதவியா?

அந்த 6000மும் யாருக்கு? பட்டா உள்ளவருக்கு. வயலில் இறங்கி சேறு மிதிக்கும் குத்தகைதாரருக்குக் கிடையாது. பட்டணத்தில் இருக்கும் பட்டாதாரர் வாங்கலாம், பயிர் வைத்தவர் வாங்க முடியாது. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவருக்கும் கிடையாது, வாரிசாக வந்தால்தான் உண்டு. தாத்தா பெயரில் பட்டா இருப்பவர், கூட்டுப் பட்டாக்காரர், கைரேகை விழாத கிழவர் எல்லாரும் அலைகிறார்கள். ஆனால் 2020இல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? தகுதியே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் ஏறி 100 கோடி ரூபாய்க்கு மேல் போனது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. ஒடிசாவில் 2019இல் காலியா திட்டத்தில் குத்தகைதாரரையும் நிலமற்ற தொழிலாளியையும் சேர்த்தார்கள். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது? 1969இலேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் போட்ட மாநிலம் இது!

இதற்கு மேலும் ஒரு ஆபத்து இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

சிலிண்டர் கதை மறந்து போச்சா? 2015 ஜனவரியில் நாடு முழுக்கச் சொன்னார்கள், "முழு விலை கொடுத்து வாங்கு, மானியம் பேங்கில் போடுறோம்." போட்டார்கள். 2020 மே மாதத்துக்குப் பிறகு பெரும்பாலோர் கணக்கில் அது நின்றே போனது. ஒரு அறிவிப்பு இல்லை, ஒரு சட்டம் இல்லை. 2015இல் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் என்றார்கள். கடைகள் மூடிக் கிடந்தன, அரிசியே கொடு என்று பெண்கள் கேட்டார்கள். 2020 மின்சாரத் திருத்த மசோதா வரைவிலும் இதே பாட்டுதான்: கட்டணத்தை முழுசாகக் கட்டு, மானியம் கணக்கில் வரும். துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரைக் கொடுத்த போராட்டங்களுக்குப் பிறகு, 1990இல் கிடைத்த இலவச மின்சாரம் அய்யா இது! பம்ப்செட்டுக்கு மீட்டர் வந்து, மானியமும் நின்றால், எந்த ஆபீஸ் வாசலில் போய்க் கேட்பது?

உரிமையோடு சேர்த்து வரும் பணம் நம்மை நிமிர வைக்கும். உரிமைக்குப் பதிலாக வரும் பணம் நம்மை மொட்டை அடிக்கும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு வீட்டிலும் பேசுங்கள்.

மத்திய, மாநில அரசுகளே!

1. கிசான் தொகையை உடனே 12000 ஆக உயர்த்து!
2. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலை வைத்து, குத்தகை விவசாயிக்கும் கொடு! நிலமற்ற தொழிலாளியையும் சேர்!
3. தவணையை நடவுக்கு முன்பே கொடு! அறுவடை முடிந்து வரும் பணம் வட்டிக்காரனுக்கே போகிறது!
4. உதவித்தொகையை வங்கிகள் பழைய கடனுக்கு வரவு வைப்பதைத் தடை செய்!
5. இலவச மின்சாரம், உர மானியம், ரேஷன் இவற்றில் கை வைக்காதே!
6. முழுச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடு, அதைச் சட்டமாக்கு!

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை 10 மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் முன் கூடுவோம். பணம் வராதவர்கள் ஆதார், பாஸ்புக், அடங்கல் நகலோடு வாருங்கள். மனு சங்கமே எழுதித் தரும். பணம் வந்தவர்களும் வாருங்கள். இன்று பக்கத்து வீட்டுக்காரனுக்கு நின்றது, நாளை உங்களுக்கும் நிற்கும்.

பிச்சை கேட்கவில்லை! விளைவித்தவன் பங்கைக் கேட்கிறோம்!

அணி திரள்வோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்