வெள்ளை மறைந்த மணி பிளான்ட்... மீட்க முடியுமா?

“வீட்டுத் திண்ணையில் ‘மார்பிள் குயின்’ மணி பிளான்ட் வளர்த்து, தொட்டியோடு நர்சரிக்குக் கொடுத்து வருகிறேன். இந்த முறை 60 தொட்டிகளில் பாதிக்கு மேல் வெறும் பச்சை இலைகளாக வந்துவிட்டன. நர்சரிக்காரர் எடுக்க மறுக்கிறார். உரம் கொடுத்தால் வெள்ளை திரும்புமா?”

- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.

உரத்தால் வெள்ளை திரும்பாது. யூரியா கரைசல் ஊற்றினால் பச்சைக் கொடிதான் இன்னும் வேகமாக ஓடும். இலையில் வெள்ளையாகத் தெரியும் பகுதியில் பச்சையம் இல்லை. பக்கத்திலிருக்கும் பச்சைப் பகுதி தயாரிக்கும் உணவில்தான் அது பிழைக்கிறது. மார்பிள் குயின் மெதுவாக வளர்வது இதனால்தான். வெளிச்சம் குறைந்தால் புதிய இலைகளில் பச்சை கூடும். முழுப் பச்சையாக ஒரு தளிர் கிளம்பிவிட்டால், மற்றதை முந்திக்கொண்டு தொட்டியையே பிடித்துக்கொள்ளும்.

முதலில் 60 தொட்டிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடியின் அடிப்பகுதியில் வெள்ளை கலந்த இலையோ, தண்டில் வெள்ளைக் கோடோ இருந்தால், அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். அங்கிருந்து வரும் புதுத்தளிரில் வெள்ளை வர வாய்ப்பு அதிகம். விற்பனைக்குத் தயாராக இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம். அடிமுதல் நுனிவரை பச்சையாக இருப்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சாதாரணப் பச்சைச் செடியாகவே விலை சொல்லி விற்றுவிடலாம்.

அடுத்த முறை தாய்க்கொடித் தேர்வில் கவனம் தேவை. வெள்ளையும் பச்சையும் சரிசமமாகக் கலந்த கொடியில், ஒரு கணு, ஓர் இலையோடு துண்டுகளை எடுக்க வேண்டும். கணு இல்லாத துண்டு தண்ணீரில் எத்தனை நாள் இருந்தாலும் செடியாகாது. அழகாக இருக்கிறதே என்று முழுவெள்ளைத் தண்டை எடுத்தால், அது தனித்து நின்று பிழைக்காது. (‘திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் வளரும்’ என்பவர்கள்கூட, கணு பார்த்துத் திருடினால்தான் உண்டு!)

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து தொட்டியை நிரப்பலாம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். திண்ணையில் காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் நல்லது. உச்சி வெயில் பட்டால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும்.

கொடியைத் தொங்கவிட்டால் இலைகள் சிறுத்துக்கொண்டே போகும், ஏற்றிவிட்டால் பெருக்கும். தென்னை மரத்தில் ஏறிய மணி பிளான்ட் இலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பி.வி.சி குழாயில் தேங்காய் நாரைச் சுற்றிக் கயிற்றால் கட்டி, தொட்டி நடுவில் ஊன்ற வேண்டும். கணுவிலுள்ள வேர் நாரைத் தொடும்படி கொடியைக் கட்டி, தினமும் நாரில் தண்ணீர் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். இப்படி ஏற்றிய தொட்டியை வரவேற்பறை, அலுவலகங்களில் வைக்க விரும்பி வாங்குகிறார்கள்.

வெட்டிய கொடிகளை ஆடு, மாடுகளுக்குப் போடக் கூடாது. இதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப்படிகங்கள் வாய், தொண்டையில் எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கழிவை வாய்க்கால் ஓரம் வீசினாலும் வேர்பிடித்துப் படரும். இலங்கையில் இது ஆக்கிரமிப்புத் தாவரமாகவே மாறியிருக்கிறது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு மட்கு குழியில் போடலாம்.