தாயக்கட்டை கற்பிக்கும் கணக்கு

பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தமிழ்நாடோ 2003-ஆம் ஆண்டிலேயே லாட்டரிச் சீட்டுக்குத் தடை விதித்தது. இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகத் தனிச் சட்டமும் இயற்றியது. இவை வரவேற்கத்தக்கவையே. எனினும், தெருமுனைக் கடையில் விற்ற ஆசை பின்னர் கைப்பேசிக்குள் குடிபுகுந்ததைக் கண்டோம். சட்டத்தால் கடையை மூடலாம். 'அடுத்த ஆட்டத்தில் வந்துவிடும்' என்னும் நம்பிக்கையைக் கல்விதான் மாற்ற வேண்டும்.

பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், முதுநிலை மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். நாணயத்தைச் சுண்டியபோது ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்தது. ஆறாவது முறை எது விழும்? 'பூதான்' என்பார்கள் பலர். நிகழ்தகவுச் சூத்திரங்களை எழுதி மதிப்பெண் பெற்றவர்கள்தாம் அவர்கள். முந்தைய ஐந்தும் நாணயத்துக்கு நினைவில்லை என்பது அவர்கள் மனத்தில் பதியவில்லை. இழந்ததை மீட்கக் கடன் வாங்கி ஆடுபவர் செய்வதும் இதே பிழைதான்.

நம் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நிகழ்தகவு பாடமாக வருகிறது. பகடையும் நாணயமும் பெரும்பாலும் பாடநூலிலேயே தங்கிவிடுகின்றன. பின்னம் அறிந்த ஆறாம் வகுப்புக் குழந்தையின் கையில் அவற்றைக் கொடுத்தால் என்ன? நம் வீட்டுத் தாயக்கட்டையே போதும்.

ஒவ்வொரு கட்டையிலும் ஒரு முகம் வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரு கட்டைகளை உருட்டினால் பதினாறு வகைகளில் விழலாம். அவற்றுள் தாயம் தருபவை இரண்டு. அதாவது எட்டில் ஒன்று. மூன்று விழுவதற்கோ நான்கு வழிகள் உண்டு. குழந்தைகள் உருட்டி, விழுவதைக் குறித்துக்கொண்டே வந்தால் இதைத் தாமே கண்டடைவர். அதைவிட முக்கியமான ஒன்றையும் காண்பர். 'எட்டில் ஒன்று' என்பதால் எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம் என்று பொருளில்லை. எட்டு வீச்சிலும் தாயமே விழாமற்போவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

அடுத்து, ஒரு குழந்தையைக் கடைக்காரராக்குவோம். ஒரு வீச்சுக்கு ஒரு புளியங்கொட்டை கட்டணம். தாயம் விழுந்தால் ஆறு கொட்டைகள் பரிசு. எண்பது வீச்சுகளில் கடைக்கு எண்பது கொட்டைகள் வரும், சராசரியாகப் பத்துத் தாயங்களுக்கு அறுபது போகும், இருபது எஞ்சும். ஏதேனும் ஒரு குழுவில் தாயம் பதினைந்து முறை விழுந்து கடைக்காரர் நட்டப்படலாம். ஆனால், பத்துக் குழுக்களின் கணக்கையும் கரும்பலகையில் கூட்டிப் பார்த்தால், லாபம் கடையின் பக்கமே நிற்கும். வென்ற குழந்தை ஆரவாரம் செய்யும். தோற்றவர்கள் வாய் திறவார்கள். சூதாட்ட விளம்பரங்களில் வென்றவர்களின் முகம் மட்டுமே தெரிவதன் காரணத்தை அன்று வகுப்பே விளங்கிக்கொள்ளும்.

சூதைப் பள்ளிக்குள் கொண்டுவருவதா என்று சிலர் ஐயுறலாம். 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இந்தக் கணிதம் உருப்பெற்றதே சூதாட்டம் பற்றிய ஒரு கேள்வியிலிருந்துதான். மேலும், இங்கே குழந்தை ஆடக் கற்கவில்லை. கடைக்காரரின் பேரேட்டைப் படிக்கக் கற்கிறது.

இதற்குப் பெருஞ்செலவில்லை. இரண்டு கட்டைகள், ஒரு படி புளியங்கொட்டை, இரண்டு பாடவேளைகள் போதும். தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டாம். ஆசிரியர் பயிற்சியில் இதற்கென ஒரு நாளும், ஆறாம் வகுப்புப் பாடநூலில் இரண்டு பக்கங்களும் ஒதுக்கப் பள்ளிக்கல்வித் துறை முன்வர வேண்டும். இழந்ததை மீட்கலாம் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் சிதைவதைச் செய்திகளில் படித்து வருந்தும் நாம், அந்த நம்பிக்கையின் பிழையைப் பதினொரு வயதிலேயே காட்டிவிடலாம்.