பில்டர் வாங்குவதற்கு முன் கிணற்றைப் பாருங்கள்

 

மாரி முடிந்தால் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரே பேச்சுத்தான்: "கிணத்துத் தண்ணி கலங்கிக் கிடக்கு, நல்ல பில்டர் எது?" என் கருத்து இதுதான். பில்டர் பிறகு, முதலில் கிணறு.

நம் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படையாக நிற்கிறது. நம் கிணறுகள் அந்தப் படையிலிருந்துதான் ஊறுகின்றன. வாளியால் அள்ளிய காலத்தில் ஊற்றும் மெதுவாக ஊறியது. இப்போது மோட்டர் ஒரே மூச்சில் தாங்கியை நிரப்புகிறது. அந்த இழுவையில் பொடி மணலும் சேர்ந்து வருகிறது. விடாமல் இழுத்தால் உப்பும் மேலேறும். உப்பை எந்த மணல் வடிகட்டியும் பிடிக்காது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் மாவட்டம் கண்ட பாடம் இது. உப்பாகிப்போன கிணறுகளைப் பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பெரிய பயன் இல்லை. அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்ற ஆலோசனை பிறகுதான் வந்தது. கிணறுகளைத் தேற்றியது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான்.

ஆகவே முதலில் செய்யவேண்டியவை: மோட்டர்க் குழாயின் அடி வால்வு நிலத்தில் முட்டாமல் ஒன்றிரண்டு அடி உயர்த்திக் கட்டுங்கள். தாங்கியை ஒரேயடியாக நிரப்பாமல் இடைவெளி விட்டு இறைக்கலாம். கிணற்றின் அடியில் கழுவிய சல்லி ஒரு படை போட்டால் மணல் கிளம்புவது குறையும். மேல் வளையங்களின் மூட்டுகளுக்குச் சீமெந்து பூசுங்கள். கட்டைச் சுற்றித் தளம் போட்டு, வெள்ளம் ஏறாத உயரத்துக்கு அதை எழுப்புங்கள். பல வீடுகளில் இவற்றோடேயே பாதிக் கலங்கல் போய்விடும்.

அதன் பிறகும் கலங்கலா? கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை நிரப்பி ஆடாமல் வையுங்கள். பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம், நல்ல விஞ்ஞானப் பாடம். சில நிமிடங்களில் அடியில் படிந்தால் அது மணல். ஒரு பாத்திரத்தில் தெளியவிட்டு மேல்தண்ணீரை எடுத்தால் போதும். விடியும்வரை கலங்கியே நின்றால் களி. படுவான்கரைப் பக்கம் இதுதான் அதிகம். அதற்குப் படிகாரம் வேண்டும். நம் பெரியவர்கள் பானையில் தேத்தாங்கொட்டை உரைத்ததும் இதற்காகத்தான். அள்ளும்போது தெளிவாக இருந்து, வைக்க வைக்கச் செந்நிறமாக மாறினால் இரும்பு. காற்றுப்படும்படி ஊற்றி, படியவிட்டு, கழுவிய மணலில் வடித்தால் பெரும்பகுதி நீங்கும். உங்கள் வீட்டுக் கலங்கல் எது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கில் காசைக் கொட்டாதீர்கள்.

இனி என்னைப் பயமுறுத்தும் விடயம். "பில்டர் பூட்டியாச்சு, இனிக் கொதிக்க வைக்கத் தேவையில்லை" என்று சொல்கிறவர்கள் கூடிவிட்டார்கள். மண்ணைப் பிடிக்கும் சாதாரண கார்ட்ரிஜில் 5 மைக்ரோன் என்று எழுதியிருக்கும். ஈ.கோலை பக்டீரியாவின் நீளமே ஏறத்தாழ 2 மைக்ரோன்தான். மஞ்சட்காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறியது. மண் அங்கே நிற்கும், கிருமி உள்ளே வரும். தோட்டத்து உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் அப்படியே வரும்.

பங்களாதேஷின் மத்லப் பகுதியில் பழைய சீலையை நாலாய் மடித்துத் தண்ணீர் வடிக்கப் பெண்களைப் பழக்கினார்கள். 2003இல் வெளியான முடிவின்படி கொலரா 48 சதவீதம் குறைந்தது. கொலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணுயிர்களில் ஒட்டியிருப்பதால் துணிக்கே அவ்வளவு பலன். ஆனாலும் மிச்சப் பாதி அப்படியே இருந்தது.

வடிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. கலங்கல் தண்ணீரில் குளோரின் போட்டால் அழுக்கே அதைத் தின்றுவிடும், கிருமி மண்ணுக்குள் ஒளிந்து தப்பிவிடும். ஆகவே வடிக்கத்தான் வேண்டும். குளிக்க, துவைக்க, வுழூச் செய்ய வடித்த தண்ணீர் போதும். குடிக்க என்றால் வடித்த பிறகு கொதிக்கவும் வேண்டும்.

வளவுகள் சிறுத்துவிட்டன. ஒரு வீட்டு மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக் கிணறு. மணலுக்குள் வேலி இல்லை. கிணறு உங்களுடையது, தண்ணீர் எல்லோருடையது. அயலவர்கள் சேர்ந்து பீ.எச்.ஐ.யை ஒருமுறை கூப்பிட்டுக் கிணறுகளைக் காட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் செய்தால் நல்லது.